திரை இருண்டால் கணனி பழுது என்று அர்த்தமில்லை

யாழ்ப்பாணத்திலிருந்து பண்ணைப் பாலத்தைக் கடந்து, குறிகட்டுவான் வீதியால் அல்லைப்பிட்டி, மண்கும்பான் என்று போனால் வேலணைத் தீவின் சாட்டிக் கடற்கரை வரும். வெள்ளை மணலும் கடற்காற்றும் பார்க்க வருபவர்களுக்கு இன்பம். ஆனால் அங்கே குடியிருப்பவர்களின் வீட்டுச் சாமான்களுக்கு அந்தக் காற்றே பகை. யன்னல் கம்பியும் சைக்கிள் செயினும் துருப்பிடிப்பதை எல்லோரும் காண்கிறோம். கணனியின் பின்பக்கத்தில் செருகியிருக்கும் வயரின் முனையிலும் அதே உப்புப் படிகிறது என்பதைத்தான் மறந்துவிடுகிறோம்.

கணனி இன்று ஆடம்பரப் பொருள் அல்ல. 2020 மார்ச்சில் கொரோனாவினால் பாடசாலைகள் மூடப்பட்டபோது, பாடமே திரை வழியாகத்தான் வீட்டுக்கு வந்தது. 2022இன் தொடக்கத்தில் ஏறக்குறைய 200 ரூபாவாக இருந்த அமெரிக்க டொலர், மே மாதத்தில் 360 ரூபா அளவுக்கு ஏறியபோது, வெளிநாட்டிலிருந்து வரும் கணனி உதிரிகளின் விலையும் ஏறியது. ஆகவே இருக்கும் மொனிட்டரைக் காப்பாற்றிக்கொள்வது குடும்பச் செலவோடு சம்பந்தப்பட்ட விடயம்.

திரை இருண்டவுடன் "மெஷின் போய்விட்டது" என்று முடிவு கட்டி, பெட்டியைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறுகிறோம். கடையில் வயரைக் கழற்றி மாட்டியதும் படம் வந்துவிடுகிறது! பஸ் செலவும், கூலியும், பிள்ளையின் ஒரு நாள் படிப்பும் வீண். சகோதரிகளே, பெட்டியைத் தூக்குவதற்கு முன் பின்வருவனவற்றை வரிசையாகப் பாருங்கள்.

திரை என்ன சொல்கிறது?

முதலில் மொனிட்டரின் சிறு விளக்கைக் கவனியுங்கள். அது எரியவே இல்லையென்றால் மின்சாரம் வரவில்லை. பிளக்கையும் மின்வயரையும் பாருங்கள். விளக்கு எரிந்து, 'நோ சிக்னல்' என்ற எழுத்து தோன்றினால் அது நல்ல செய்தி. எழுத்தைக் காட்டுகிற திரை செத்துப்போன திரை அல்ல. 'எனக்குப் படம் வந்து சேரவில்லை' என்றுதான் அது சொல்கிறது. குறை வயரில் இருக்கலாம், மொனிட்டரின் தெரிவில் இருக்கலாம், அல்லது கணனியில் இருக்கலாம்.

கணனி உயிரோடு இருக்கிறதா என்று அறிய, விசைப்பலகையில் 'கெப்ஸ் லொக்' விசையை அழுத்துங்கள். அதன் விளக்கு எரிந்து அணைந்தால் கணனி வேலை செய்கிறது. அடுத்து மொனிட்டரில் உள்ள 'இன்புட்' அல்லது 'சோர்ஸ்' பொத்தானை அழுத்தி, வயர் எந்தத் துளையில் இருக்கிறதோ அதையே தெரிவு செய்யுங்கள். தொலைக்காட்சியை மொனிட்டராகப் பாவிக்கும் வீடுகளில் இதுவே அடிக்கடி நேரும் தவறு.

கணனியின் பின்புறம் படவயர் செருகும் இடம் இரண்டு இருக்கலாம்: ஒன்று தாய்ப்பலகையில், மற்றது தனியாகப் பூட்டிய கிராபிக்ஸ் கார்ட்டில். கார்ட் இருந்தால் வயரை அதிலேயே செருக வேண்டும்.

வயரின் இரண்டு முனைகள்

இனிச் சுவிட்சை அணைத்து, பிளக்கைக் கழற்றிவிட்டு வயரைப் பாருங்கள். 1987இல் ஐ.பி.எம். நிறுவனம் கொண்டுவந்த வி.ஜி.ஏ. என்னும் பழைய வகையில் மூன்று வரிசையில் 15 ஊசிகளுக்கு இடம் உண்டு. நடு வரிசையில் ஓர் ஊசி இல்லாவிட்டால் பயப்பட வேண்டாம். பல வயர்களை அப்படியே செய்கிறார்கள். வேறு ஊசி வளைந்திருந்தால் மெல்ல நிமிர்த்துங்கள். இரு பக்கத் திருகாணிகளையும் கையால் இறுக்குங்கள்.

வெள்ளைப் பக்கம் மஞ்சளாகத் தெரிந்தால் நீல நிறத்தின் தொடர்பு விட்டிருக்கிறது. நீலப்பச்சையாகத் தெரிந்தால் சிவப்பு விட்டிருக்கிறது. கருஞ்சிவப்பு கலந்த ஊதாவாகத் தெரிந்தால் பச்சை விட்டிருக்கிறது. எச்.டி.எம்.ஐ. என்ற புதிய வகையில் இப்படி நிறம் மாறாது. படம் விட்டுவிட்டு வரும், புள்ளிகள் மின்னும், அல்லது முற்றாக வராது. அதற்குத் திருகாணியும் இல்லாததால் மேசையை இழுத்தாலே தளர்ந்துவிடும்.

உப்பு செய்யும் வேலை

காற்றின் ஈரப்பதன் ஏறக்குறைய 75 வீதத்தைத் தாண்டினால் உப்பு நீரை உறிஞ்சிக் கசியத் தொடங்கும். அந்த உப்புநீர்தான் உலோகத்தை அரிக்கிறது. செம்பில் பச்சை படிவதும் இதனால்தான். சோளகம் வீசும் மாதங்களில் கடலோர வீடுகளில் மாதம் ஒருமுறை வயரைக் கழற்றி, காய்ந்த மென்மையான பிரஷால் முனைகளைத் துடையுங்கள். பச்சை படிந்திருந்தால் ஐசோபுரொப்பைல் அற்ககோல் சிறிது தொட்டுத் துடைத்து, நன்றாகக் காய்ந்த பின் மாட்டுங்கள். தண்ணீர், தேங்காய் எண்ணெய், மண்ணெண்ணெய் வேண்டாம். கடலைப் பார்த்த யன்னலருகே கணனியை வைக்காதீர்கள். மாதக்கணக்கில் மூடி வைப்பதை விட இடைக்கிடை இயக்குவது நல்லது. அதன் சூடே உள்ளிருக்கும் ஈரத்தைக் குறைக்கும்.

எங்கே நிறுத்த வேண்டும்?

வேறு வீட்டு வயர் ஒன்றை மாட்டிப் பாருங்கள்; வயரின் குறை உடனே தெரிந்துவிடும். அதற்கும் மசியாவிட்டால், இருண்ட திரையில் டோர்ச் வெளிச்சத்தைச் சாய்த்துப் பிடியுங்கள். மங்கலாகப் படம் தெரிந்தால் திரையின் பின்விளக்குப் பழுது. அது திருத்துநர் வேலை. மொனிட்டரையோ மின்வழங்கிப் பெட்டியையோ வீட்டில் திறக்கவே கூடாது. பழைய குழாய் மொனிட்டரில் 20,000 வோல்ட்டுக்கும் மேற்பட்ட மின்னழுத்தம், பிளக்கைக் கழற்றிய பின்னும் தங்கியிருக்கக்கூடும்.

கடைக்குப் போகத்தான் வேண்டுமென்றால், விளக்கு எரிந்ததா, என்ன எழுத்து வந்தது, எந்த வயரை மாற்றிப் பார்த்தீர்கள் என்பவற்றை ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள். நேர்மையான திருத்துநருக்கு அது பாதி வேலையை முடித்துக் கொடுக்கும். மற்றவருக்கோ, இந்த வீட்டாரை இலகுவில் ஏமாற்ற முடியாது என்பதைச் சொல்லாமல் சொல்லிவிடும்.