ஐந்து மணிக்கு அஸ்தமனம்

நீல் துரையைப் பற்றிக் கேள்விப்பட்டிருக்கிறீர்களா? சென்னை மவுண்ட் ரோட்டில் ஒரு காலத்தில் சிலையாக நின்றவர். 1857-ல் வடநாட்டு ஜனங்களை ஈவிரக்கம் இல்லாமல் தூக்கில் போட்ட பட்டாளத்துத் துரை. அந்தச் சிலையை அகற்ற வேண்டும் என்று 1927-ல் சென்னையில் சத்தியாக்கிரகமே நடந்தது. 1937-ல்தான் அது மியூஸியத்துக்குப் போய்ச் சேர்ந்தது. ஆனால் அந்தமானில் ஒரு சின்னஞ்சிறு தீவு மட்டும் 2018 டிசம்பர் வரை அவர் பெயரைச் சுமந்து கொண்டிருந்தது. இப்போது அதற்கு ‘ஷஹீத் தீவு’ என்று பெயர். ஊர்க்காரர்கள் வாயில் என்னவோ இன்னும் ‘நீல்’தான்.

அந்தத் தீவுக்குத்தான் மார்கழி மாதத்தில் நான் போனேன். துரையை விசாரிக்க அல்ல, தூங்குவதற்காக!

சிரிக்காதீர்கள். அப்பா நான்கு மாதம் படுக்கையில் இருந்தார். இரவு இரண்டு மணிக்கு அவருக்கு மருந்து கொடுப்பது என் முறை. அவர் எழுந்து நடமாடத் தொடங்கிய பிறகும் என் கண் மட்டும் இரண்டு மணிக்குத் திறப்பதை நிறுத்தவில்லை. “எங்கேயாவது போய்விட்டு வாடி. இங்கே நானும் உன் மன்னியும் இருக்கிறோம்” என்று அம்மாதான் பிடித்துத் தள்ளினாள். முதுகில் ஒரு மூட்டை. அதற்குள் நான்கு உடுப்பு, ஒரு துண்டு, ஒரு டார்ச் விளக்கு, ஒரு டப்பா பருப்புப் பொடி. பெட்டியும் படுக்கையுமாகக் கிளம்பிப் பழகிய குடும்பத்தில் இது ஒரு புரட்சி என்றே சொல்ல வேண்டும்.

சென்னையிலிருந்து போர்ட் பிளேருக்கு விமானத்தில் இரண்டு மணிக்குச் சற்று அதிகம். (அந்த ஊருக்கும் 2024-ல் ஸ்ரீ விஜயபுரம் என்று புதுப் பெயர் வைத்துவிட்டார்கள்.) அங்கிருந்து சர்க்கார் படகில் இரண்டு மணி நேரம். படகு நிறைய வெங்காய மூட்டைகள், பள்ளிக்கூடப் பிள்ளைகள், என்னைப் போல் முதுகுச் சுமையோடு இரண்டு வெள்ளைக்காரப் பெண்கள்.

நான் தங்கிய வீடு ஒரு வங்காளி அம்மாளுடையது. தோட்டத்தின் கோடியில் மூங்கில் தட்டி வைத்த குடில். கட்டில், கொசுவலை, வாசலில் ஒரு வாளித் தண்ணீர். அவ்வளவுதான். அந்த அம்மாளை எல்லோரும் ‘மாஷி’ என்றார்கள். நம் ‘சித்தி’ மாதிரி. நானும் அப்படியே கூப்பிட்டேன். மாஷி என்னை ‘மா’ என்றாள். நாம் சின்னப் பெண்ணைக்கூட ‘வாம்மா’ என்கிறோமே, அதே வாஞ்சை.

முதல் நாளே ஒரு வேடிக்கை. காப்பி குடித்துவிட்டுச் சாவகாசமாக லக்ஷ்மண்பூர் கடற்கரைக்கு நடந்தால், மணி ஐந்து அடிக்கும்போது சூரியன் தண்ணீருக்குள் இறங்கிக் கொண்டிருக்கிறான்! தீவு இருப்பது கிழக்கே 93 பாகையில். கடிகாரமோ 82½ பாகைக்கு ஏற்பட்ட இந்திய நேரத்தைக் காட்டுகிறது. ஏறக்குறைய நாற்பது நிமிஷம் பொய் சொல்லும் கடிகாரம். அதனால் ஊரே விடியற்காலம் எழுந்து, ஏழு மணிக்குச் சாப்பிட்டு, எட்டுக்குப் படுத்துவிடுகிறது.

எனக்கும் வேறு வழியில்லை. படுத்தேன். இரண்டு மணிக்கு வழக்கம்போல் கண் விழித்தேன்.

மறுநாள் காலை மாஷி என்னை உற்றுப் பார்த்தாள். “இரவு விளக்கு எரிந்ததே, மா?” என்றாள். என் அரைகுறை ஹிந்தியில் கதையைச் சொன்னேன். அவள் ஆறுதல் ஒன்றும் சொல்லவில்லை. ஒரு முறம் கத்தரிக்காயை என் முன்னால் வைத்து, “காம்பு கிள்ளு” என்றாள்.

கிள்ளிக் கொண்டே அவள் கதையைக் கேட்டேன். 1960-களில் கிழக்குப் பாகிஸ்தானிலிருந்து அகதிகளாக வந்த வங்காளிக் குடும்பங்களை இந்தத் தீவில் குடியேற்றினார்கள். அப்போது மாஷிக்குச் சின்ன வயசு. வந்து இறங்கியபோது எல்லாம் காடு. வெட்டித் திருத்திப் பயிர் வைத்தார்கள். இன்று போர்ட் பிளேர் சமையலறைகளுக்குக் காய்கறி இங்கிருந்துதான் போகிறது. கடற்கரைகளின் பெயர்களைப் பாருங்கள்: சீதாபூர், பாரத்பூர், லக்ஷ்மண்பூர்! விட்டு வந்த ஊர் திரும்பக் கிடைக்கவில்லை. ராமாயணத்தையாவது கூட வைத்துக் கொண்டார்கள் போலிருக்கிறது.

அன்று அமாவாசைக்கு அடுத்த நாள். கடல் வெகுதூரம் உள்வாங்கியிருந்தது. ஒரு பாறை வளைந்து இயற்கையாகவே பாலம் மாதிரி நிற்கும் இடத்துக்கு, தண்ணீர் வற்றும் அந்த நேரத்தில்தான் நடந்து போக முடியும். மாஷியின் பேத்தி துணைக்கு வந்தாள். நான் ஒரு கறுப்புக் கல்லின்மேல் கால் வைக்கப் போனேன். “தீதி, அது உயிர்!” என்று கத்தினாள் அந்தக் குழந்தை. கல் அல்ல, பவழம். கடுகளவு பிராணிகள் லட்சக்கணக்கில் சேர்ந்து கட்டிய வீடு. பாறைபோல் உருண்டு வளரும் வகை, வருஷத்துக்கு ஒரு செண்டிமீட்டர் வளர்ந்தாலே அதிகம். கடல் சூடேறினால் வெளுத்துப் போகும். 2010-ல் அந்தமான் பவழங்கள் அப்படி ஏராளமாக வெளுத்தன. அதற்குமேல் என் செருப்பும் வேண்டுமா?

நீங்கள் மணலில் உட்கார்ந்தால், அதில் ஒரு பங்கு கிளிமீன் தின்று கழித்த பவழப் பொடி என்பதையும் தெரிந்து கொள்ளுங்கள். எனக்கு அது தெரிந்ததும் சற்று நேரம் நின்றுகொண்டே இருந்தேன்!

திரும்பும்போது, ஒருவருக்கும் தெரியாமல் ஒரு அழகான சங்கை எடுத்து முந்தானையில் முடிந்து கொண்டேன். மன்னியின் பெண்ணுக்கு. இங்கே சங்கோ பவழமோ எடுத்துப் போகக் கூடாது என்று சட்டம். விமான நிலையத்தில் பெட்டியைச் சோதித்துப் பிடுங்கிக் கொள்வார்கள். தெரிந்தேதான் செய்தேன்.

மூன்றாம் நாள் ஊருக்குக் கிளம்ப வேண்டும். காற்று பலமாக இருந்ததால் படகு இல்லை என்று அறிவித்துவிட்டார்கள். எனக்குத் தலை சுற்றியது. விமான டிக்கெட் என்ன ஆவது? ஆபீஸில் என்ன சொல்வது? அப்பாவின் மாத்திரை? போனும் மௌனம் சாதித்தது. படகுத் துறைக்கும் வீட்டுக்குமாக மூன்று தடவை நடந்தேன். நாலாவது தடவை மாஷி வாசலில் மறித்தாள். “நீ நடந்தால் காற்று நின்றுவிடுமா, மா? போய்ப் படு.”

கடல் ஓரத்தில் ஒரு பெரிய மரம். ‘சீ மஹுவா’ என்கிறார்கள். நம் இலுப்பைக்குத் தூரத்து உறவு. அதன் அடியில் துண்டை விரித்தேன். செய்வதற்கு ஒரு காரியமும் இல்லை, செய்ய முடியவும் முடியாது. அலையை எண்ண ஆரம்பித்தது நினைவிருக்கிறது. எழுந்தபோது இருட்டியிருந்தது. இரவு சாப்பிட்டு மறுபடி படுத்தவள், சேவல் கூவிய பிறகுதான் கண்ணைத் திறந்தேன். இரண்டு மணி எப்போது வந்து எப்போது போயிற்றோ!

படகு எட்டு மணிக்கு என்று செய்தி வந்தது. மூட்டை கட்டும்போது, முந்தானை முடிச்சு மேஜைமேல் தானாக நகர்ந்து கொண்டிருந்தது. அவிழ்த்துப் பார்த்தால், சங்குக்குள்ளிருந்து சிவப்பாக ஒரு நண்டுக் கால்! காலியான சங்கில் குடியேறி வாழும் துறவி நண்டு. இரண்டு நாளாக என் புடவைக்குள் சிறை இருந்திருக்கிறது.

ஓட்டமும் நடையுமாகக் கடற்கரைக்குப் போய் அதை இறக்கிவிட்டேன். சற்று நேரம் அசையவில்லை. பிறகு வீட்டைத் தூக்கிக் கொண்டு பக்கவாட்டில் நடந்தது. படகு சங்கு ஊதிவிட்டது. நானும் என் மூட்டையைத் தூக்கிக் கொண்டு ஓடினேன்.