கால் ஆணியை அலட்சியம் செய்யாதீர்

உழவு மாடு ஒரு காலைத் தாங்கி நடந்தால் அன்றைக்கே ஏரை அவிழ்த்துவிட்டுக் குளம்பைத் தூக்கிப் பார்க்கிறோம். நம் காலில் ஆணி விழுந்தாலோ ஆறு மாதம் நொண்டிக்கொண்டே வரப்பில் நடக்கிறோம்.

கால் ஆணி என்பது தடித்துப்போன தோல்தான். செருப்பு உராய்வதாலோ, எலும்பு புடைத்த இடத்தில் ஓயாமல் அழுத்தம் விழுவதாலோ தோல் இறுகி, கூம்பு போல் உள்நோக்கி இறங்குகிறது. அதன் முனை குத்துவதால்தான் வலி. பலரும் நினைப்பதுபோல் இதற்கு வேர் கிடையாது. எனவே 'வேரோடு எடுக்கிறேன்' என்று பிளேடைத் தூக்க வேண்டாம். அழுத்தம் நீங்காதவரை எத்தனை முறை வெட்டினாலும் திரும்ப வரும்.

இரவு வேலை முடிந்ததும் வெதுவெதுப்பான நீரில் காலை 15 நிமிடம் ஊற வைக்கவும். தோல் மெத்தென்று ஆனபின் நுரைக்கல்லால் மெதுவாகத் தேய்க்கவும். ஒரே நாளில் முழுவதையும் எடுத்துவிட முயல வேண்டாம். இரத்தம் வருமளவு தேய்ப்பதும் தவறு. பிறகு காலைத் துடைத்துத் தேங்காய் எண்ணெய் தடவவும். சில வாரங்கள் விடாமல் செய்தால் ஆணி இளகும். மருந்துக்கடையில் கிடைக்கும் 'கார்ன் கேப்' பட்டையில் சாலிசிலிக் அமிலம் உள்ளது. அதை ஆணியின் மேல் மட்டும் படும்படி ஒட்ட வேண்டும். நல்ல தோலில் பட்டால் வெந்து புண்ணாகும்.

செருப்பையும் கவனியுங்கள். கட்டை போன்ற டயர் செருப்பும், ஒரு பக்கம் தேய்ந்த செருப்பும் ஆணிக்கு நல்ல உரம்! மெத்தென்ற, விரலை நெருக்காத செருப்பு போடுங்கள். எருக்கம்பால், சேரங்கொட்டை வைக்கும் பழக்கம் இன்னும் சில ஊர்களில் உண்டு. இவை தோலைப் பொசுக்கும், வேண்டாம்.

நீரிழிவு உள்ளவர்களும், பாதத்தில் உணர்ச்சி குறைந்தவர்களும் பிளேடு, பட்டை இரண்டையுமே தொடக்கூடாது. எனக்குத் தெரிந்த விவசாயி ஒருவர் நடவு சமயத்தில் பிளேடால் ஆணியைச் சீவிக்கொண்டு சேற்றில் இறங்கினார். வலி தெரியாததால் புண் இருப்பதே தெரியவில்லை. கடைசியில் கட்டை விரலை எடுக்க வேண்டியதாயிற்று. சர்க்கரை இருப்பதே ஆஸ்பத்திரியில்தான் அவருக்குத் தெரிந்தது.

ஆணி போலத் தெரிவதெல்லாம் ஆணி அல்ல. மேலே அழுத்தினால் வலிப்பது ஆணி. இரு பக்கமும் கிள்ளினால் அதிகம் வலித்து, நடுவே கரும்புள்ளிகள் தெரிந்தால் அது பெரும்பாலும் மரு. சீமைக் கருவேல முள் உள்ளே ஒடிந்து தங்கினாலும் அந்த இடம் கட்டிபோல் தடிக்கும். ஊசியால் நோண்டாமல் மருத்துவரிடம் எடுத்துவிட்டு, தடுப்பூசி தேவையா என்று கேளுங்கள்.

இன்னொன்று, வலியில்லாத வீக்கம். முள் குத்திய வழியாக மண்ணில் உள்ள பூஞ்சணமோ பாக்டீரியாவோ புகுந்து, பாதம் மெல்லப் பருத்து, பல துளைகள் வழியே குருணை போன்ற மணிகளுடன் சீழ் வடியும். 1842-ல் மதுரையில் பதிவானதால் இதற்கு 'மதுரைக் கால்' என்றே மருத்துவ நூல்களில் பெயர். எலும்புவரை போய்விட்டால் காலையே இழக்க நேரும். வலியில்லை என்று நாள் கடத்தாமல், வீக்கம் சிறிதாக இருக்கும்போதே அரசு மருத்துவமனைக்குப் போய்விடுங்கள். எந்த இடத்தில், எப்போது முள் குத்தியது என்பதையும் மறக்காமல் சொல்லுங்கள்.