தரைவழி உம்ராவும் ஃபோர் வீல் டயரும்

வளைகுடாவில் பள்ளி விடுமுறை நெருங்கினால் நம்மவர்கள் பலர் குடும்பத்தோடு சொந்த வண்டியில் உம்ராவுக்குப் புறப்படுகிறார்கள். துபையிலிருந்து குவைஃபாத் எல்லையைத் தாண்டி, ரியாத், தாயிஃப் வழியாக மக்கா போய்ச் சேர ஏறக்குறைய 2,000 கிலோமீட்டர். தம்மாமிலிருந்து என்றால் 1,200 கிலோமீட்டருக்கும் மேல். இஹ்ராம் எங்கே கட்டுவது, வழியில் தொழுகையை எப்படிச் சேர்த்தும் சுருக்கியும் தொழுவது, குழந்தைகளுக்கு என்ன சட்டம் என்றெல்லாம் புறப்படும் முன் நம்மிடம் கேட்கிறார்கள். அவசியம் கேட்க வேண்டியவைதான். ஆனால் ஏழு பேரையும் பெட்டிகளையும் சுமந்துகொண்டு ஓடப்போகும் அந்த வண்டியின் டயர் எந்த ஆண்டு தயாரானது என்று யாரும் யாரையும் கேட்பதில்லை.

டயரைப் பற்றி எழுதுவது ஆலிம்களின் வேலையா என்று சிலர் நினைக்கலாம். ஸஹீஹ் முஸ்லிமில் அபூஹுரைரா (ரலி) அறிவிக்கும் ஒரு ஹதீஸ் உண்டு. செழிப்பான நிலத்தில் பயணம் செய்தால் ஒட்டகங்களுக்கு அந்த நிலத்திலிருந்து உரிய பங்கைக் கொடுக்கும்படியும், வறண்ட நிலம் என்றால் விரைந்து கடக்கும்படியும், இரவில் தங்கும்போது பாதையை விட்டு ஒதுங்கித் தங்கும்படியும் நபி (ஸல்) அவர்கள் கற்றுக்கொடுத்தார்கள். தரைக்குத் தக்கபடி வாகனத்தை நடத்துவது நமக்குச் சொல்லித் தரப்பட்ட ஒழுங்கு. இன்று நம் வாகனம் தரையைத் தொடுவது நான்கு டயர்களில் மட்டும்தான். ஒவ்வொன்றும் தொடும் இடம் ஏறத்தாழ ஓர் உள்ளங்கை அகலம்.

ஃபோர் வீல் வண்டிக்குக் கடையில் மூன்று வகை டயர் காட்டுவார்கள். நெடுஞ்சாலைக்கு என்றே உள்ளது எச்.டி. பட்டன்கள் நெருக்கமாக இருக்கும், சத்தம் குறைவு, மழையில் பிரேக் நன்றாகப் பிடிக்கும். சேற்றுக்கும் பாறைக்கும் என்று செய்யப்பட்டது எம்.டி. பெரிய பெரிய பட்டன்கள், நடுவே அகலமான பள்ளங்கள். தார்ச்சாலையில் ஓடினால் வண்டிக்குள் பேசுவது கேட்காது. இரண்டுக்கும் நடுவில் இருப்பதுதான் ஏ.டி. எனப்படும் ஆல் டெரெய்ன். பிரிட்ஜ்ஸ்டோன் டியூலர், யோகோஹாமா ஜியோலாண்டர், டோயோ ஓப்பன் கன்ட்ரி, பி.எஃப். குட்ரிச் என்று வளைகுடாக் கடைகளில் அடுக்கியிருக்கும் பெயர்களில் பெரும்பாலானவற்றுக்கு ஏ.டி. வகை உண்டு. எந்தப் பெயர் உயர்ந்தது என்ற விவாதத்துக்குள் நாம் போகவில்லை. பெயர் பெற்ற எந்த நிறுவனத்தின் டயரும், தவறான வேலைக்கு வாங்கினால் தவறான டயர்தான்.

வாங்குமுன் நம்மை நாமே கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி ஒன்று உண்டு. இந்த வண்டி ஆண்டு முழுவதும் எங்கே ஓடுகிறது? அலுவலகம், பள்ளிக்கூடம், லுலு, விடுமுறையில் ஓர் உம்ரா, இவ்வளவுதான் என்றால் எச்.டி. டயரே போதும். காசும் மிச்சம், பெட்ரோலும் மிச்சம். ஹத்தா பக்கத்துக் கரடுமுரடான பாதைகளுக்கும், ஓமானில் அல் ஹம்ராவிலிருந்து வாதி பனீ அவ்ஃப் வழியாக ருஸ்தாக் இறங்கும் கல்பாதைக்கும் மாதம் ஒருமுறையாவது போகிறவர்களுக்கு ஏ.டி. தேவை. அங்கே டயரைக் கெடுப்பது கூரான கற்கள். அவை பட்டனை விட்டுவிட்டுப் பக்கச்சுவரைக் கிழிக்கும். பக்கச்சுவர் கிழிந்தால் பஞ்சர் ஒட்ட முடியாது, டயரையே தூக்கிப் போட வேண்டியதுதான். எனவே கல்பாதைக்காக ஏ.டி. வாங்குகிறவர் பட்டனைத் தடவிப் பார்ப்பதோடு நிறுத்தாமல், பக்கச்சுவர் எத்தனை அடுக்கு என்று கடைக்காரரிடம் கேட்க வேண்டும்.

மணலின் கதை வேறு. பெரிய பட்டன் இருந்தால் மணலில் நன்றாகப் போகும் என்று நம் இளைஞர்கள் நம்புகிறார்கள். மென்மையான மணலில் பெரிய பட்டன் பள்ளம் தோண்டும், வண்டி தன் குழியைத் தானே பறித்துக்கொண்டு உட்காரும். மணலில் வண்டியை மிதக்க வைப்பது காற்றைக் குறைப்பதுதான். 15 முதல் 18 பி.எஸ்.ஐ. வரை இறக்கினால் டயர் தரையைத் தொடும் நீளம் கூடுகிறது, எடை பரவுகிறது. லிவா மணல்மேட்டுக்குப் போகும் அனுபவசாலிகள் இதைத்தான் செய்கிறார்கள். ஆபத்து தொடங்குவது அதற்குப் பிறகு. மாலையில் மணலை விட்டு வெளியே வந்து, காற்றை மீண்டும் நிரப்பாமல், மஃரிபுக்குள் வீடு சேர வேண்டும் என்று 120 கிலோமீட்டர் வேகத்தில் பறப்பது.

ஏன் ஆபத்து? காற்று குறைந்த டயரின் பக்கச்சுவர் ஒவ்வொரு சுற்றிலும் மடங்கி மடங்கி நிமிர்கிறது. ஒரு கம்பியை முன்னும் பின்னும் வளைத்தால் வளைந்த இடம் சுடுவதுபோல, அந்த மடிப்பு ரப்பருக்குள் சூட்டை உண்டாக்குகிறது. வேகம் கூடினால் சூடு கூடுகிறது, சுமை கூடினால் இன்னும் கூடுகிறது. கோடையில் தார்ச்சாலையின் மேற்பரப்பே 60 டிகிரியைத் தாண்டும் நாடுகளில் அந்தச் சூடு வெளியேற வழியில்லை. ரப்பரையும் உள்ளே இருக்கும் இரும்புக் கம்பிப் பட்டைகளையும் ஒட்டிவைத்திருக்கும் பிடிப்பு விடுகிறது. பட்டன் பகுதி முழுவதும் தோல் உரிவதுபோல் உரிந்து வருகிறது. உயரமான வண்டி, ஓட்டுபவர் பதறி ஸ்டியரிங்கைத் திருப்பினால் உருண்டுவிடும்.

இது கற்பனை அல்ல. ஃபயர்ஸ்டோன் நிறுவனத்தின் ஏ.டி.எக்ஸ்., வைல்டர்னஸ் ஏ.டி. டயர்கள் ஃபோர்டு எக்ஸ்புளோரர் வண்டிகளில் உரிந்து, வண்டிகள் கவிழ்ந்த விவகாரம் உலகறிந்தது. 2000 ஆகஸ்டில் அமெரிக்காவில் ஏறத்தாழ 65 லட்சம் டயர்கள் திரும்பப் பெறப்பட்டன. அந்நாட்டுச் சாலைப் பாதுகாப்புத் துறையின் கணக்கில் 271 உயிர்கள் போயின. அதற்கு ஓராண்டு முன்னதாகவே, 1999-இல், சவூதி உள்ளிட்ட வளைகுடா நாடுகளில் ஃபோர்டு நிறுவனம் இந்த டயர்களை மாற்றிக்கொடுக்கத் தொடங்கிவிட்டது என்பது பலருக்குத் தெரியாது. சூடும் வேகமும் அதிகமான நம் சாலைகளில்தான் நோய் முதலில் வெளிப்பட்டது. இங்குள்ளவர்கள் மணலுக்காகக் காற்றை இறக்கிவிட்டு அப்படியே நெடுஞ்சாலையில் ஓடுவதும் ஒரு காரணமாக அப்போது சொல்லப்பட்டது. தயாரிப்பில் குறை இருந்தது, அதை மறுப்பதற்கில்லை. அதோடு, எக்ஸ்புளோரருக்கு ஃபோர்டு சொன்ன அழுத்தம் 26 பி.எஸ்.ஐ., ஃபயர்ஸ்டோன் பின்னர் வேண்டும் என்று சொன்னது 30. இந்த நான்கு புள்ளி வித்தியாசத்தைப் பற்றி இரு நிறுவனங்களும் எவ்வளவு சண்டை போட்டன! நாமோ பெட்ரோல் பங்கில் கண்ணால் பார்த்து, "காற்று இருக்கு" என்று சொல்லிவிட்டுப் போகிறோம்.

இனி, டயரின் பக்கத்தில் இருக்கும் எழுத்துகள். பிராடோ வண்டியில் பரவலாகக் காணும் அளவு 265/65 ஆர்17 112எஸ். 265 என்பது மில்லிமீட்டரில் அகலம், 65 என்பது அந்த அகலத்தில் எத்தனை சதவீதம் பக்கச்சுவரின் உயரம், 17 என்பது அங்குலத்தில் ரிம்மின் விட்டம். கடைசியில் உள்ளதைத்தான் பெரும்பாலோர் படிப்பதில்லை. 112 என்றால் ஒரு டயர் 1,120 கிலோ வரை தாங்கும். எஸ் என்றால் 180 கிலோமீட்டர் வேகம் வரை. எம்.டி. டயர்கள் பலவற்றில் க்யூ என்று இருக்கும், அதன் எல்லை 160. சவூதியின் சில நெடுஞ்சாலைகளில் 140 கிலோமீட்டர் வேகத்துக்கு அனுமதி இருப்பதை நினைத்தால், இடைவெளி எவ்வளவு குறைவு என்பது புரியும்.

அளவுக்கு முன்னால் எல்.டி. என்று போட்ட டயர்கள் லாரி, பிக்கப் ரகத்தவை. பக்கச்சுவர் தடிப்பானது, சுமை எண்ணும் பெரிது. உறுதியானது என்று கேட்டால் கடைக்காரர்கள் இதைத்தான் எடுத்துக் காட்டுவார்கள். உறுதிதான், மறுப்பதற்கில்லை. ஆனால் அதன் சுமைத் திறன் மிக அதிகமான காற்றழுத்தத்தில் கணக்கிடப்பட்டது. சாதாரண டயருக்கு வைத்த அதே 32 பி.எஸ்.ஐ.யை எல்.டி. டயருக்கும் வைத்தால், அது சாதாரண டயரைவிடக் குறைந்த எடையைத்தான் தாங்கும். எல்.டி.க்கு மாறுகிறவர்கள் அந்த டயர் நிறுவனத்தின் அட்டவணைப்படி எவ்வளவு காற்று வைக்க வேண்டும் என்று எழுதி வாங்கிக்கொள்வது நல்லது. மாறாதவர்களுக்கு, ஓட்டுநர் பக்கக் கதவைத் திறந்தால் தூணில் ஒட்டியிருக்கும் சீட்டே வழிகாட்டி. முழுச் சுமைக்கு என்று தனியாக ஓர் எண் அதில் இருந்தால், உம்ரா பயணத்துக்கு அதுதான் பொருந்தும்.

நீடித்து உழைக்கும் டயர் என்று தேடுகிறவர்கள் பட்டனின் ஆழத்தை மட்டும் பார்க்கிறார்கள். வளைகுடாவில் குடும்ப வண்டிகளின் டயர் பல நேரம் தேய்ந்து சாவதில்லை, வயதாகிச் சாகிறது. வெயிலில் ரப்பர் இறுகி, பக்கச்சுவரில் முடிமுடியாய் வெடிப்பு விடும். பட்டன் புதிதுபோலவே இருக்கும். டி.ஓ.டி. என்ற எழுத்துகளோடு தொடங்கும் வரிசையின் கடைசி நான்கு இலக்கங்கள் பிறந்த தேதி. 2323 என்றால் 2023-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரம். இந்த எண் சில டயர்களில் ஒரு பக்கத்தில் மட்டுமே முழுமையாக இருக்கும், அந்தப் பக்கம் உள்நோக்கி மாட்டப்பட்டிருந்தால் குனிந்து பார்க்க வேண்டியிருக்கும். அமீரகத்தில் தயாரிப்புத் தேதியிலிருந்து 5 ஆண்டுதான் கணக்கு. காலாவதியான டயரோடு ஓட்டினால் 500 திர்ஹம் அபராதம், 4 கரும்புள்ளி, 7 நாள் வண்டி பறிமுதல்.

இங்கே வியாபாரம் செய்யும் நம் சகோதரர்களுக்கும் ஒரு வார்த்தை. பழைய டயருக்குக் கறுப்புப் பாலிஷ் பூசி, தேதியைச் சொல்லாமல் விற்பது பல இடங்களில் நடக்கிறது. தானியக் குவியலுக்குள் கையை விட்டு, உள்ளே இருந்த ஈரத்தைக் கண்டு நபி (ஸல்) அவர்கள் அந்த வியாபாரியைக் கண்டித்த ஹதீஸ் நாம் எல்லோரும் அறிந்ததுதான். டயரின் ஈரம் அதன் தேதி. வியாபாரிகளின் வழக்கில் எது பொருளின் விலையைக் குறைக்குமோ அது ஃபிக்ஹில் 'ஐப்', அதாவது குறை. அதைச் சொல்லாமல் விற்றால் வாங்கியவருக்குத் திருப்பிக்கொடுக்கும் உரிமை உண்டு. ஷாஃபிஈ மத்ஹபில் குறை தெரிந்தவுடன் தாமதிக்காமல் திருப்ப வேண்டும். ஹனஃபி மத்ஹபில் அவ்வளவு அவசரம் இல்லை. ஆனால் குறை தெரிந்த பிறகும் அதிலேயே ஓட்டிக்கொண்டிருந்தால் பொருந்திக்கொண்டதாகவே இரண்டிலும் ஆகிவிடும். ஆகவே டயர் மாட்டிய அன்றே, கடையை விட்டு வண்டி நகருமுன், நான்கு இலக்கத்தையும் பார்த்துவிட வேண்டும். ரசீதில் அதை எழுதச் சொல்வதில் வெட்கம் தேவையில்லை.

இரண்டு டயர் மட்டும் புதிது, மற்ற இரண்டு பழையது என்று சிக்கனம் பார்ப்பதும் ஃபோர் வீல் வண்டிக்கு ஆகாது. எப்போதும் நான்கு சக்கரத்துக்கும் சக்தி போகும் வண்டியில் டயர்களின் சுற்றளவு வேறுபட்டால், நடுவில் உள்ள கியர் அமைப்பு ஓயாமல் அந்த வித்தியாசத்தைச் சரிசெய்துகொண்டே தேய்கிறது. இரண்டு டயரில் மிச்சம் பிடித்த காசைப் பிறகு மெக்கானிக்கிடம் பல மடங்காகக் கொடுக்க நேரும். ஒரே நிறுவனம், ஒரே ரகம், ஒரே அளவு, நான்கும் சேர்த்து.

நைட்ரஜன் காற்று பற்றியும் கேட்கிறார்கள். நாம் சுவாசிக்கும் காற்றிலேயே 78 சதவீதம் நைட்ரஜன்தான். இலவசமாகக் கொடுத்தால் வாங்கிக்கொள்ளலாம், காசு கொடுத்து வாங்கும் அளவுக்கு அதில் ஒன்றுமில்லை. வாரம் ஒருமுறை அளந்து பார்ப்பதுதான் விஷயம். அதுவும் காலையில், வண்டி ஓடுமுன். டயரின் சூடு ஐந்தாறு டிகிரி கூடினால் அழுத்தம் ஒரு பி.எஸ்.ஐ. ஏறும். நெடுந்தூரம் ஓடி நிறுத்திய வண்டியில் அளந்து, "அதிகமாக இருக்கிறதே" என்று காற்றைத் திறந்துவிடுகிறவர்கள் தெரியாமல் ஆபத்தை வரவழைக்கிறார்கள். சூட்டில் ஏறியது ஆறினால் இறங்கிவிடும்.

கடைசியாக ஸ்டெப்னி. பிராடோ போன்ற வண்டிகளில் அது பின்கதவில் தொங்கி வெயிலில் காய்கிறது, லாண்ட் குரூஸரில் அடியில் மண்ணில் புதைந்துபோல் கிடக்கிறது. நான்கு டயரையும் மாற்றும்போது யாரும் அதைத் தொடுவதில்லை. வண்டி வாங்கிய ஆண்டில் வந்த டயரே எட்டு, பத்து ஆண்டு அப்படியே இருக்கும். ரியாத்துக்கும் தாயிஃபுக்கும் நடுவில், ஊரே இல்லாத வெளியில், இரவு இரண்டு மணிக்கு மனைவி மக்களோடு நிற்கும்போதுதான் அதன் தேதியைப் பார்க்க நேர்கிறது. புறப்படுவதற்கு ஒரு வாரம் முன்பே அதையும் இறக்கி, தேதி பார்த்து, காற்று நிரப்பி, ஜாக்கியும் வீல் ஸ்பானரும் அந்த வண்டிக்குப் பொருந்துகின்றனவா என்று வீட்டு வாசலிலேயே ஒருமுறை கழற்றி மாட்டிப் பாருங்கள். வளர்ந்த பிள்ளைகள் இருந்தால் அவர்களையும் கூட நிறுத்திக்கொள்ளுங்கள்.