ஆடி வரை போர் தாங்குமா?
ஒரு குடியானவர் வீட்டுக் கோடைக் கணக்கு

பங்குனி பிறந்து ஒரு வாரம் ஆகிறது. காங்கேயம், வெள்ளகோவில், மூலனூர் வட்டாரத்துக் கொரங்காடுகளில் கொழுக்கட்டைப் புல் மஞ்சள் பூத்துக் காம்பாக நிற்கிறது. முள்கிளுவை வேலி இலை உதிர்த்துவிட்டது. வெள்வேல மரத்து நிழலைத் தேடி ஆடுகள் பத்து மணிக்கே ஒதுங்குகின்றன. ஐப்பசி, கார்த்திகை மழையை நம்பிய பூமி இது. இனி மழை என்றால் சித்திரையில் இடி மின்னலோடு வரும் ஒன்றிரண்டு உழவு மழைதான்.

இந்தச் சமயத்தில் ஒரு சிறு குடியானவர் வீடு எப்படி நடக்கிறது என்று பார்க்க வேண்டுமானால், அந்த வீட்டுத் தாயின் பின்னாலேயே ஒரு நாள் போய் வந்தால் போதும். மூன்று ஏக்கர் கொரங்காடு, ஒரு ஏக்கர் தோட்டம், ஒரு கிணறு. கட்டுத்தரையில் ஒரு கலப்பினக் கறவை, ஒரு காங்கேயம் பசு, ஒரு கன்று. பட்டியில் ஆறு வெள்ளாடு. வீட்டில் கணவர், மாமியார், பன்னிரண்டாம் வகுப்புப் பரீட்சை எழுதும் மகள், ஆறாம் வகுப்புப் படிக்கும் மகன். பக்கத்தில் உள்ள பத்து வீடுகளில் ஏழு வீடு இப்படித்தான் இருக்கும்.

விடியற்காலை நான்கரை மணிக்கு அவள் எழுந்ததும் முதலில் போவது அடுப்படிக்கு அல்ல, கிணற்று மேட்டுக்கு. டார்ச் விளக்கை அடித்து, தண்ணீருக்கு மேலே எத்தனை படி தெரிகிறது என்று எண்ணுகிறாள். தை மாதம் ஏழு படி தெரிந்தது. இப்போது பதினொன்று. தை மாதத்தில் மூன்று மணி நேரம் ஓடிய மோட்டார் இப்போது ஒன்றரை மணி நேரத்தில் காற்றை இழுக்கிறது. மறுபடி ஊறுவதற்கு அரை நாள் ஆகிறது.

பிறகு சாணி அள்ளி, வாசல் தெளித்து, ஐந்து மணிக்குப் பால் கறந்து, கேனை மகன் கையில் கொடுத்துச் சங்கத்துக்கு அனுப்புகிறாள். காலையும் மாலையுமாக எட்டு லிட்டர். அதன் பிறகுதான் வீட்டாருக்குக் காபி. மகள் எழுந்து புத்தகத்தோடு திண்ணையில் உட்கார்ந்திருப்பாள். “அம்மிணி, வெறும் வயித்துல படிக்காதே” என்று ஒரு டம்ளர் பாலை அவள் பக்கத்தில் வைத்துவிட்டுப் போவாள். சங்கத்துக்கு ஊற்றியது போக வீட்டுக்கு நிற்கிற பால் அரை லிட்டர். அதில் பாதி பரீட்சை முடிகிற வரையில் மகளுக்கு என்பது அவள் போட்ட கணக்கு. மாமியாருக்கு மோர் போதும் என்று மாமியாரே சொல்லிவிட்டார்.

அந்த வாரம்தான் மாட்டுத் தரகர் வாசலுக்கு வந்தார்.

“ஏனுங்கம்மா, மாடு அஞ்சு மாசச் சினை. வைகாசிக் கடைசியில பால வத்த விடோணும். அப்புறம் ரெண்டு மாசம் சும்மா நிக்கிற மாட்டுக்குத் தட்டு எங்கீங்க போவீங்க? இப்பவே கை மாத்திட்டா பொண்ணு காலேஜுக்கு ஆச்சு. சித்திரையில கண்ணபுரம் சந்தை வந்துட்டா வெல இன்னும் எறங்கிப் போகும்.”

தரகர் சொன்னதில் பொய் இல்லை. தீவனம் குறையும் காலத்தில் எல்லோரும் மாட்டைச் சந்தைக்கு ஓட்டுவதால் விலை விழுகிறது. மழை பெய்து புல் முளைத்ததும் அதே மாட்டின் விலை ஏறிவிடுகிறது. ஆவணியில் கன்றோடு நிற்கும் மாட்டை வாங்க, இன்று விற்ற பணத்தோடு இன்னும் ஒரு பங்கு போட வேண்டும். கோடையில் விற்று மழையில் வாங்கியவர்கள் கட்டுத்தரையை மறுபடி நிரப்பியது அபூர்வம். கணவருக்கும் இது தெரியும். ஆனால் ஜூன் மாதம் கல்லூரிக்குக் கட்ட வேண்டிய பணம் அவர் கண் முன்னால் நின்றது.

“நாளைக்குச் சொல்றனுங்ணா” என்று தரகரை அனுப்பிவிட்டு, அவள் தட்டுப் போரிடம் போனாள்.

தையில் அறுத்த சோளத்தட்டு அது. ஒரு கட்டு சுமார் ஏழு கிலோ இருக்கும். மேலே ஏறி வரிசை வரிசையாக எண்ணினாள். நூற்றுத் தொண்ணூறு கட்டு. பெரிய மாட்டுக்கு நாளைக்கு ஆறு கிலோ, கன்றுக்கு இரண்டு கிலோ என்றால் மொத்தம் பதினான்கு கிலோ, அதாவது இரண்டு கட்டு. ஆடிப் பதினெட்டு வரைக்கும் நூற்றுமுப்பத்தைந்து நாள். அதற்கு இருநூற்றெழுபது கட்டு வேண்டும். இருப்பதை இதே கணக்கில் போட்டால் ஆனி இரண்டாம் வாரத்தில் போர் தீர்ந்துவிடும். சினைமாட்டுக்கு நிறைமாதம் நெருங்கும் வேளையில், நாற்பது நாள் வெறுந்தரை.

பல வீடுகளில் இந்தக் கணக்கைப் போடுவதே இல்லை. போர் பெரிதாகத் தெரிகிற வரையில் கைக்கு வந்ததை உருவிப் போடுகிறார்கள். அடி தெரிந்த பிறகு கடன் வாங்கித் தட்டு வாங்குகிறார்கள். வைகாசியில் தட்டு என்ன விலை விற்கும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

அவள் அடுத்து பார்த்தது மாட்டின் காலடியை. முழுத் தட்டாகப் போட்டதில் தோகையையும் நுனியையும் தின்றுவிட்டு, அடித்தட்டை மாடு மிதித்துச் சாணியோடு சேர்த்திருந்தது. கால் பங்குக்குக் குறையாமல் குப்பைக்குப் போகிறது. மூலையில் துருப்பிடித்துக் கிடந்த கைச்சக்கரத் தட்டு வெட்டும் மெஷினை அன்று மாலையே கணவரை விட்டு எண்ணெய் போட்டு, கத்தி தீட்ட வைத்தாள். விரற்கடை நீளத்துக்கு நறுக்கித் தொட்டியில் போட்டு, உப்புத் தண்ணீர் தெளித்து, மேலே ஒரு கை தவிடு தூவினால் அடித்தட்டும் மிச்சமில்லாமல் உள்ளே போகிறது. இரண்டு கட்டு போன இடத்தில் ஒன்றரைக் கட்டு போதும். நூற்றுமுப்பத்தைந்து நாளுக்கு இருநூற்றிரண்டு அல்லது மூன்று கட்டு. பன்னிரண்டு, பதிமூன்று கட்டுதான் துண்டு விழுகிறது. அதைப் பசுந்தீவனத்தால் ஈடு கட்டலாம்.

மெஷினில் தட்டைத் தள்ளும் வேலையைப் பிள்ளைகளிடம் விடக்கூடாது என்பதில் அவள் கண்டிப்பு. விரல் போன வீடுகள் உண்டு. சக்கரம் சுற்றுவது மகன், தட்டைத் தள்ளுவது அவள்.

பசுந்தீவனத்துக்குப் பதினைந்து சென்டில் தை தொடக்கத்திலேயே கோ.எப்.எஸ். 29 தீவனச் சோளம் போட்டிருந்தாள். விதைத்து அறுபத்தைந்தாம் நாள் முதல் அறுவடை. அதற்குப் பிறகு ஐம்பது நாளுக்கு ஒரு முறை மறுதாம்பு அறுக்கலாம். வரப்பில் அகத்தியும் சவுண்டலும் நிற்கின்றன. சவுண்டல் தழையை மட்டுமே போடாமல் மற்றத் தீவனத்தோடு கலந்து கொஞ்சமாகப் போட வேண்டும்.

இங்கேதான் வீட்டில் ஒரு வாக்குவாதம். மீதித் தோட்டத்தில் நாற்பது சென்ட் தக்காளி வைத்தால் வைகாசியில் கைக்குப் பணம் வரும் என்றார் கணவர்.

“ஏனுங்க, பதினோரு படி தெரியுது. சித்திரை பொறந்தா பதினாலு தெரியும். தக்காளிக்கு ஊத்துனா சோளத்துக்கு இல்லீங்க. பாதியில காஞ்சா நாத்துப் பணமும் போச்சு, மாடும் போச்சு.”

அவர் பதில் பேசவில்லை. மறுநாள் காலை தாமே கிணற்று மேட்டுக்குப் போய்ப் படியை எண்ணிப் பார்த்துவிட்டு வந்தார். நாற்பது சென்டும் உழவு மழைக்குக் காத்திருக்கட்டும் என்று விடப்பட்டது. கோடை உழவு போட்டால் களைக் கிழங்கும் மண்ணுக்குள் இருக்கும் கூட்டுப் புழுவும் வெயிலில் காயும். அதுவும் ஒரு லாபம்தான்.

வெயில் ஏறும்போது கட்டுத்தரை வேலை வேறு விதமாகிறது. கலப்பினப் பசு வெயில் தாங்காது. பதினொரு மணிக்கே வாயைத் திறந்து மூச்சு வாங்குகிறது. பங்குனி முதல் வாரம் பால் ஒரு லிட்டர் குறைந்தபோது தவிடு போதவில்லை என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். மாடு தண்ணீர்த் தொட்டியில் வாயை வைத்துவிட்டு எடுத்ததைக் கவனித்தவள் அவள்தான். கையை விட்டுப் பார்த்தாள். வெயிலில் நின்ற சிமெண்டுத் தொட்டியில் தண்ணீர் சுட்டது. கறவை மாட்டுக்குக் கோடையில் நாளைக்கு அறுபது லிட்டருக்குக் குறையாமல் தண்ணீர் வேண்டும். சுடுதண்ணீரை எந்த மாடு குடிக்கும்? பழைய குடுதாழி ஒன்றை வேப்பமரத்து நிழலுக்கு உருட்டிப் போட்டு, நாளைக்கு நான்கு தடவை புதுத் தண்ணீர் ஊற்றினாள். ஒரு வாரத்துக்குள் குறைந்த பாலில் பெரும்பங்கு திரும்பி வந்தது. இதற்குச் செலவு ஒரு காசும் இல்லை.

தட்டுப் போடும் நேரத்தையும் மாற்றினாள். உலர்தீவனம் வயிற்றில் செரிக்கும்போது உடம்பு சூடாகும். அதை உச்சி வெயிலில் போட்டால் மாடு இன்னும் திணறும். அதனால் பகலில் பசுந்தழை, பொழுது சாய்ந்த பிறகும் இரவு ஒன்பது மணிக்கும் தட்டு. கூரைத் தகரத்தின் மேல் தென்னங்கீற்று பரப்பி, பக்கவாட்டில் ஈரச் சாக்கு கட்டியிருக்கிறது. அடர்தீவனத்தோடு தாது உப்புக் கலவையும் நாளைக்கு ஒரு கை.

மத்தியானம் மற்றவர்கள் கண்ணயரும் நேரம் அவளுக்குப் புளி நேரம். மூன்று மரத்துப் புளி, மாசியில் உலுக்கியது, திண்ணையில் குவிந்திருக்கிறது. மாமியார் ஓட்டைத் தட்ட, அவள் நாரையும் கொட்டையையும் எடுப்பாள். வீட்டுக்கு வேண்டியதை உப்புப் போட்டு மண்பானையில் அடைத்துவிட்டு மீதியை விற்பதாக முடிவு. கையோடு கையாக மொட்டை வெயிலில் அரிசி வடகமும் கொத்தவரை வற்றலும் காய்கின்றன. தட்டைப்பயறு விதைக்குச் செம்மண் கட்டுவதும் இந்த வெயிலில்தான்.

மாமியார்தான் அதைக் கண்டுபிடித்தவர். மருமகள் இரண்டு நாளாக அடிவயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்காருவதைப் பார்த்து, “ஏம் பிள்ளை, தண்ணி குடிக்கறியா இல்லியா?” என்றார். காட்டுக்குப் போனால் ஒதுங்க மறைவிடம் இல்லை என்று காலையிலிருந்து பொழுது சாயும் வரை தண்ணீரைக் குறைப்பது கிராமத்துப் பெண்கள் பலரிடம் உள்ள பழக்கம். கோடையில் அதன் பலன் நீர்க்கடுப்பு. மாட்டுக்கு ஒரு நாளைக்கு எத்தனை குடம் என்று சொல்லத் தெரிந்தவளுக்குத் தான் குடித்தது எத்தனை செம்பு என்று சொல்லத் தெரியவில்லை. மாமியார் ஒரு செம்பு நீராகாரத்தில் மோர் கலந்து கையில் கொடுத்து, குடித்து முடிகிறவரை எதிரிலேயே நின்றார். மூன்றாம் நாளும் எரிச்சல் நிற்காததால் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அனுப்பினார். காய்ச்சலோ முதுகு வலியோ சேர்ந்துவிட்டால் கை வைத்தியத்தோடு நிற்கக் கூடாது. அது முதல் புளிக் கூடைக்குப் பக்கத்தில் ஒரு தண்ணீர்ச் சொம்பும் இருக்கிறது.

மாரியம்மன் நோன்பு சாட்டி, கொடுமுடிக்குத் தீர்த்தம் எடுக்கப் போனவர்கள் திரும்பி, உறவு சனம் வந்து போனதில் நான்கு நாள் ஓடிப்போயிற்று. மகளின் பரீட்சையும் முடிந்தது.

சித்திரை பிறந்த நாலாம் நாள் நடந்தது அவளை இன்னும் விடவில்லை. தீவனச் சோளத்தை அறுத்து மூன்று வாரம் ஆகியிருந்தது. கிணறு இறங்கியதால் எட்டு நாளாகத் தண்ணீர் பாயவில்லை. முழங்கால் உயரத் துளிர் வாடிச் சுருண்டு நின்றது. பரீட்சை எழுதிவிட்டு மத்தியானமே வந்த மகன், கன்று பசியாக இருக்கிறதே என்று படலைத் திறந்து ஓட்டப் போனான். வடகத்தைத் திருப்பிக்கொண்டிருந்தவள் பார்த்துவிட்டு, “சாமீ, வுடாதடா!” என்று கத்திக்கொண்டு ஓடினாள். கன்று வாய் வைக்கவில்லை.

இளஞ்சோளத்தில், அதிலும் தண்ணீரில்லாமல் வாடிய துளிரில், ஹைட்ரோசயனிக் அமிலம் என்ற நஞ்சு கூடுதலாக இருக்கும். தின்ற சில நிமிஷங்களில் மாடு மூச்சுத் திணறி, நுரை தள்ளி, நடுங்கி விழுந்துவிடும். தண்ணீர் பாய்ந்து தழைத்து, பூக்கும் பருவத்துக்கு வந்த பிறகு அறுத்துப் போட்டால் பயமில்லை. வாடியதை அறுத்து நன்றாகக் காயவைத்தால் நஞ்சு பெரிதும் குறையும். தப்பித்தவறித் தின்றுவிட்டால் காத்திருக்க நேரம் கிடையாது. உடனே கால்நடை மருத்துவரை அழைத்து ஊசி போட வேண்டும். 1962 என்ற எண்ணுக்குப் பேசினால் நடமாடும் கால்நடை மருத்துவ வண்டி வரும்.

அவள் பையனை அடிக்கவில்லை. “உம்மேல தப்பில்ல கண்ணு, நான் முன்னியே சொல்லியிருக்கோணும்” என்றாள். அன்று மாலை படலைக் கம்பி போட்டுக் கட்டினார்கள்.

தரகர் கண்ணபுரம் சந்தைக்கு முன்னால் மறுபடி வந்தார். மாடு கிடையாது, இரண்டு கிடாய்க்குட்டி உண்டு என்றாள். கிடாயும் புளியும் சேர்ந்து கல்லூரிக்கு முதல் தவணைக்கு ஆகும். பால் நிற்கிற வரைக்கும் சங்கத்துப் பணத்தில் ஒரு பங்கை, பால் வற்றிய இரண்டு மாதமும் சினைமாட்டுக்குத் தினம் ஒன்றரைக் கிலோ அடர்தீவனம் வாங்கத் தனியாக எடுத்து வைக்கிறாள். அந்தப் பணம் அரிசிப் பானைக்குள் இருப்பது மாமியாருக்கு மட்டும் தெரியும்.

கட்டுத்தரைச் சுவரில் அவள் ஒவ்வொரு இரவும் கரிக்கட்டையால் ஒரு கோடு இழுக்கிறாள். சித்திரைப் பத்தாம் தேதி முப்பத்தைந்தாவது கோடு. அன்று இரவு போரில் எண்ணிப் பார்த்தபோது நூற்று முப்பத்தெட்டு கட்டு இருந்தது. கணக்குக்கு அரைக் கட்டு மேல். ஒன்பது மணித் தட்டைத் தொட்டியில் போட்டுவிட்டு, தாழியில் தண்ணீர் இருக்கிறதா என்று கையை விட்டுப் பார்த்தாள். மேற்கே மின்னிக்கொண்டிருந்தது.