90 வயதில் எடை தூக்கினார்கள். கைத்தடியைத் தூக்கிப் போட்டார்கள்!

கையை ஊன்றாமல் நாற்காலியில் இருந்து எழுந்திருக்க முடிகிறதா? இப்போதே எழுந்து பாருங்கள். முடிந்தால் சந்தோஷம். வீட்டில் உள்ள பெரியவருக்கு அது முடியாமல் போகிற நாளில்தான் சங்கடம் ஆரம்பம். கக்கூசுக்குப் போக ஆள் துணை வேண்டும். பஸ் படி ஏற முடியாது. "நீங்க சும்மா உட்காருங்க தாத்தா" என்று வீடே அவரை மூலையில் உட்கார வைத்துவிடும்.

அப்படி முடங்கிக் கிடந்த 10 பேரை எடை தூக்க வைத்தார் ஒரு பெண் டாக்டர். சம்பவம் நடந்த இடம் அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் உள்ள ஒரு யூத முதியோர் இல்லம். டாக்டர் பெயர் மரியா ஃபியாட்டரோன். 1990-ல் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் பத்திரிகையில் இந்த விவரம் வெளிவந்தது.

10 பேரின் சராசரி வயது என்ன தெரியுமா? 90!

மெத்தனம் இல்லை

வயசானவர்களாச்சே, கையைக் காலை லேசாக ஆட்டச் சொல்லியிருப்பார்கள் என்று நினைப்பீர்கள். அதுதான் இல்லை. உட்கார்ந்தபடி முழங்காலை நீட்டி எடையை உயர்த்த வேண்டும். ஒருவர் மூச்சைப் பிடித்து ஒரே தடவை 10 கிலோ தூக்குவார் என்றால், இரண்டாவது வாரத்தில் இருந்தே அவருக்கு 8 கிலோ மாட்டினார்கள். 8 தடவை தூக்கி இறக்கினால் ஒரு சுற்று. நடுவில் ஓய்வு. இப்படி 3 சுற்று, வாரத்தில் 3 நாள். பலம் ஏற ஏற எடையும் ஏறியது.

8 வாரம் ஓடியது. ஒருவர் பாதியில் நின்றுவிட்டார். மற்ற 9 பேரின் கால் பலம் சராசரியாக 174 சதவீதம் கூடியிருந்தது. அதாவது 10 கிலோ தூக்கியவர் 27 கிலோ தூக்குகிற கணக்கு!

தடி போச்சு!

இரண்டு பேர் கைத்தடி இல்லாமலே நடந்தார்கள். கையை ஊன்றாமல் எழ முடியாதவர்கள் 3 பேர் இருந்தார்கள். அதில் ஒருவர் தானாகவே எழுந்து நின்றார். ஒரு பாதத்துக்கு முன்னால் இன்னொரு பாதத்தை ஒட்டி வைத்து நடக்கும் சோதனையில் வேகம் 48 சதவீதம் கூடியது. வாலிபப் பசங்களே தடுமாறுகிற நடை அது!

இதில் ஒரு வேடிக்கை. தொடைச் சதை 9 சதவீதம்தான் பெருத்தது. பிறகு இவ்வளவு பலம் எங்கிருந்து வந்தது? சும்மா கிடந்த தசைகளை வேலை வாங்க நரம்புகள் பழகிக்கொண்டன. பயில்வான் மாதிரி உடம்பு பெருக்க வேண்டிய அவசியமே இல்லை.

சத்து பானம் பலிக்கவில்லை

அதே டாக்டர் குழு விடவில்லை. அடுத்து 100 முதியவர்களை எடுத்துக்கொண்டது. இதன் முடிவு 1994-ல் வந்தது. சிலருக்கு எடைப் பயிற்சி, சிலருக்குச் சத்து பானம் மட்டும், சிலருக்கு இரண்டும், சிலருக்கு எதுவும் இல்லை. எடை தூக்கியவர்கள் 10 வாரத்தில் முன்னைவிட வேகமாக நடந்தார்கள். மாடிப்படி ஏறும் சக்தி 28 சதவீதம் கூடியது. யாரும் சொல்லாமலே எழுந்து நடமாடுவதும் அதிகமாயிற்று. பானம் மட்டும் குடித்தவர்கள்? பலவீனம் அப்படியே இருந்தது. மாதச் சம்பளத்தில் டப்பா டப்பாவாக வாங்கிக் கொடுக்கிற மகன்கள் கவனிக்க வேண்டிய சங்கதி.

தண்டாலும் பஸ்கியும் கர்லாக்கட்டையும் நம்ம ஊருக்குப் புதிதல்ல. ஆனால் அதெல்லாம் மீசை முளைத்த பசங்களுக்கு மட்டும் என்றாகிவிட்டது. நிறைந்த கியாஸ் சிலிண்டர் சுமார் 30 கிலோ. அதை நகர்த்துகிற வீட்டுப் பெண்களுக்கு எந்தப் பயில்வான் பயிற்சி கொடுத்தார்? மின்சார ரெயில் நிலையத்தில் மேம்பாலப் படியைப் பார்த்ததும் பெருமூச்சு விடுகிறவர்களில் நாற்பது வயது குமாஸ்தாவும் உண்டு.

செலவில்லாமல் ஆரம்பிக்கலாம். நாற்காலியில் உட்கார்ந்து உட்கார்ந்து எழுவதே தொடக்கம். ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டில் ஒரு கிலோ எடை. கைக்கு ஒன்று பிடித்துக்கொள்ளலாம். வாரத்தில் 2 நாளாவது தசைக்கு வேலை கொடுக்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2020-ல் சொன்னது. ரத்த அழுத்தம், இதய நோய், குடலிறக்கம் உள்ளவர்கள் டாக்டரைக் கேட்காமல் எடையைத் தொடக் கூடாது.

ஆரம்பித்தால் நிறுத்தவும் கூடாது. பாஸ்டனில் முதல் பயிற்சி முடிந்து 4 வாரம் சும்மா இருந்தார்கள். ஏறிய பலம் 32 சதவீதம் இறங்கிவிட்டது.