நித்திரைக் குளிசைக்கு முன்னர்

"டொக்டர், நித்திரையே இல்லை. ஒரு குளிசை எழுதித் தாங்கோ."

எம்மிடம் வரும் எம்மவர் பலரின் வேண்டுகோள் இது. நாம் உடனே எழுதிக் கொடுப்பதில்லை. சிலருக்கு இது மனத்தாங்கலாகவும் இருக்கும். ஆகவே காரணத்தைச் சொல்லி விடுகிறோம்.

நித்திரை என்பது உடல் வெறுமனே ஓய்ந்து கிடப்பதல்ல. ஏறத்தாழ 90 நிமிடங்களுக்கு ஒரு சுற்றாக, ஓர் இரவில் நான்கைந்து சுற்றுகள் நடைபெறுகின்றன. முன்னிரவில் ஆழ்ந்த நித்திரை அதிகம். பின்னிரவில் கனவு நித்திரை அதிகம். வளர்ந்தவர்களுக்குக் குறைந்தது 7 மணி நேரமாவது தேவை. மூளையிலுள்ள உயிர்க்கடிகாரம் வெளிச்சத்தைக் கொண்டே நேரத்தைக் கணிக்கிறது. டிசம்பரில் லண்டனில் விடியக் காலை எட்டு மணியாகிறது. இதற்குள் இரவு வேலையும் மாறிமாறி வந்தால் அக்கடிகாரம் குழம்பிவிடும்.

நித்திரைக் குறைவுக்கு மூன்று காரணங்களை நாம் அடிக்கடி காண்கிறோம்.

முதலாவது, பழக்கம். மாலை 6 மணிக்குக் குடித்த கோப்பியிலுள்ள கஃபீனில் ஏறத்தாழப் பாதி, இரவு 11 மணிக்கும் உடலில் இருக்கும். ஊரில் விடியட்டும் என்று நள்ளிரவு வரை காத்திருந்து தொலைபேசி எடுப்பவர்களும் எம்மில் உண்டு.

இரண்டாவது, குறட்டை. "இவர் குறட்டை விட்டு நல்லாய் நித்திரை கொள்ளுவார்" என்பார் மனைவி. குறட்டை நடுவில் நின்று, பின்னர் திணறலுடன் தொடங்குகிறதா என்று கவனியுங்கள். தொண்டைத் தசைகள் தளர்ந்து சுவாசப்பாதை அடைபட, 10 செக்கனோ அதற்கு மேலோ மூச்சு நிற்கிறது. மூளை திடுக்கிட்டு எழுப்புகிறது. கடுமையானவர்களில் இது இரவில் நூற்றுக்கணக்கான தடவை நிகழும். இவர்களுக்கு நித்திரைக் குளிசை ஆபத்தாகலாம். உயர் இரத்த அழுத்தமும் நீரிழிவும் இவர்களிடம் அதிகம். முகமூடியூடாகக் காற்றழுத்தம் கொடுக்கும் கருவி நல்ல பலன் தரும். 1981இல் சிட்னியில் கொலின் சலிவன் என்ற வைத்தியர் அறிமுகப்படுத்தியது அது.

வாகன அனுமதிப்பத்திரம் போய்விடும் என்றஞ்சி இதை மறைப்பவர்கள் உள்ளனர். பகலில் கண் சொருகினால் ஓட்டக்கூடாது என்பது உண்மையே. ஆனால் சிகிச்சையால் நோய் கட்டுப்பட்டதும் பெரும்பாலானோர் மீண்டும் ஓட்டலாம். மறைத்து ஓட்டினால் போவது உயிர்.

மூன்றாவது, நாம் பேசத் தயங்குவது. ஷெல் சத்தத்தில் பதுங்குகுழிக்குள் விழித்திருந்தவர்கள் நாம். 2009இல் போர் முடிந்தும் பலரது இரவுகளில் அது முடியவில்லை. பட்டாசுச் சத்தத்தில் வியர்த்து எழுவதும், கனவுக்கு அஞ்சிப் படுக்கப் பிந்துவதும் விசர் அல்ல. ஆபத்திலே பழகிய மூளை இன்னமும் காவல் நிற்கிறது. குளிசை அதை அன்றிரவு மயக்கும், ஆற்றாது. இதற்கென்றே பேச்சுவழிச் சிகிச்சைகள் உண்டு. தமிழ் மொழிபெயர்ப்பாளரைக் கேட்டுப் பெறலாம், கட்டணமில்லை.

நாட்பட்ட நித்திரையின்மைக்கும் முதற் சிகிச்சை குளிசையல்ல. சிந்தனையையும் பழக்கத்தையும் சீர்செய்யும் பயிற்சியே. குளிசை குறுகிய காலத்துக்கு மட்டும். நீடித்தால் அதுவே பழக்கமாகிவிடும். பிறருடைய குளிசையை வாங்கிப் போடவே வேண்டாம்.

அடுத்த முறை வைத்தியரிடம் போகும்போது, படுத்த நேரம், எழுந்த நேரம், குடித்த கோப்பி ஆகியவற்றை இரண்டு கிழமைக்கு எழுதிக் கொண்டு போங்கள். உங்கள் அறையில் படுப்பவரையும் கூட்டிச் செல்லுங்கள். உங்கள் நித்திரையைப் பற்றி உங்களைவிட அவருக்குத்தான் அதிகம் தெரியும்.