டேட்டாபேஸை யார் ஸ்டார்ட் செய்யலாம்?

பௌர்ணமி என்றால் திருவண்ணாமலை லாட்ஜுகளில் அறை கிடைக்காது. அந்த இரவு பார்த்து கரண்ட் போய், யுபிஎஸ்ஸும் தீர்ந்து, புக்கிங் சர்வர் அணைந்துவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். கரண்ட் வந்து சர்வரை ஆன் செய்ததும் லினக்ஸ் எழுந்துவிடும். உள்ளே இருக்கும் ஆரக்கிள் டேட்டாபேஸ் எழாது. தானாக எழும்படி தனியே ஏற்பாடு செய்திருக்க வேண்டும். டேட்டாபேஸைக் கவனிப்பவர் சென்னையில் இருக்கிறார். கவுன்டரில் இருப்பவர் ஸ்டார்ட் செய்ய முடியுமா?

முடியும். டேட்டாபேஸ் ஓடாதபோது அதற்குள் இருக்கும் யூசர் பட்டியலைப் பார்க்க வழியில்லை. எனவே வந்திருப்பவர் யார் என்பதை ஆரக்கிள் லினக்ஸிடம் கேட்கிறது. அவர் எந்தக் குழுவில் இருக்கிறார் என்று பார்க்கிறது. மலை உச்சியில் மகாதீபம் ஏற்றும் உரிமை பர்வதராஜகுலத்தாருக்கு என்பதுபோல, இங்கும் உரிமை தனி ஆளுக்கு அல்ல, குழுவுக்கு. பாஸ்வேர்டு கேட்பதில்லை. குழுவில் இல்லாதவர் முயன்றால் பிழைச் செய்தியோடு திருப்பி அனுப்பிவிடும்.

எந்தக் குழு என்பதில்தான் பலர் சறுக்குகிறார்கள். அவசரத்துக்கு ‘டிபிஏ’ குழுவில் சேர்த்துவிடுவார்கள். அதில் இருப்பவர் சிஸ்டிபிஏவாக நுழைந்து எதையும் படிக்கலாம், மாற்றலாம், அழிக்கலாம். தங்க வந்தவர்களின் பெயர், போன் நம்பர், ஆதார் நகல் விவரம் எல்லாம் அவர் கையில். ஸ்டார்ட் செய்ய மட்டும் வேண்டியவருக்கு இதைக் கொடுப்பது தவறு. விருந்தினர்கள் நம்பிக் கொடுத்த தகவல் அது. அவருக்கு ‘ஓபர்’ குழு போதும். அதில் இருப்பவர் சிஸ்ஓபராக நுழைந்து ஸ்டார்ட் செய்யலாம், நிறுத்தலாம், பேக்கப் போன்ற பராமரிப்பு வேலைகளைப் பார்க்கலாம். பிறருடைய டேபிள்களைத் திறந்து பார்க்க முடியாது. ஆரக்கிளை இன்ஸ்டால் செய்யும்போதே இந்தக் குழுவின் பெயரைக் கேட்கும், அப்போதே கொடுத்துவிடுங்கள். பிறகு சேர்ப்பதென்றால் ஆரக்கிளை நிறுத்தி மறுபடி லிங்க் செய்ய வேண்டும்.

ஆளைச் சேர்க்க ரூட் என்ற முழு அதிகார யூசராக நுழைந்து ‘யூசர்மாட்’ கட்டளை கொடுக்க வேண்டும். அதில் சின்ன ‘ஏ’, பெரிய ‘ஜி’ இரண்டும் சேர்ந்தே வரவேண்டும். ‘ஏ’ விட்டுப்போனால் புதிய குழுவில் சேர்ந்துவிடுவார். ஆனால் அவர் கூடுதலாக இருந்த மற்ற குழுக்களெல்லாம் பறிபோகும். சேர்த்த பின் அவர் ஒருமுறை வெளியேறி மறுபடி லாகின் செய்தால்தான் உரிமை வரும். ‘ஐடி’ என்று அடித்தால் குழுக்களின் பெயர் வரும். அதில் ஓபர் இருக்கிறதா என்று பாருங்கள்.

போஸ்ட்கிரெஸ் என்ற இன்னொரு டேட்டாபேஸ் இப்படி இல்லை. டேட்டா கோப்புறை எந்த யூசருக்குச் சொந்தமோ அவர்தான் அதை ஸ்டார்ட் செய்ய முடியும்; ரூட்டாக ஓடவும் மறுத்துவிடும். 2018-இல் வந்த 11-ஆம் பதிப்பிலிருந்து குழுவுக்குப் படிக்கும் உரிமை தரலாம். அது பேக்கப் எடுக்க உதவும், ஸ்டார்ட் செய்ய உதவாது. இங்கே தனிக் குழு ஒன்று உருவாக்கி, போஸ்ட்கிரெஸ் சர்வீஸை ஸ்டார்ட் செய்யும் அந்த ஒரே கட்டளைக்கு மட்டும், ரூட் உரிமையில் கட்டளை ஓட்ட உதவும் ‘சூடோ’வின் கோப்பில் அனுமதி எழுதுவதே சரியான வழி. அந்தக் கோப்பை ‘விசூடோ’ மூலம் மட்டுமே திருத்துங்கள். எழுதிய முறையில் பிழை இருந்தால் சேமிக்கும் முன்பே சொல்லிவிடும்.

ஊழியர் வேலையை விட்டுப் போகும்போது குழுவிலிருந்து பெயரை எடுத்தால் மட்டும் போதாது. ஏற்கெனவே திறந்திருக்கும் டெர்மினலில் பழைய உரிமை தொடரும். அதையும் மூடிவிடுங்கள்.